மூளி இறக்கைகள்

2004 மே. திங்கட்கிழமை, காலை 8.30. ஆரணியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகம்.

குளிர்பெட்டியைத் திறந்த ஆய்வு மாணவி பவித்ரா அலறினாள். ஐந்து பாட்டில்களிலும் பழ ஈக்கள் செத்துக் கிடந்தன. நான்கு ஆண்டு உழைத்து அவள் உருவாக்கிய வகை. உலகில் வேறெங்கும் கிடையாது. மறுபடி பார்க்க மனமின்றிப் பெட்டியை மூடினாள்.

9.40. புகார் கேட்டு சப் இன்ஸ்பெக்டர் ஹேமலதா வந்தார். விலங்கியல் படித்தவர். ஆய்வகச் சாவி மூவரிடம் இருந்தது: பவித்ரா, துறைத்தலைவர் ஜெயக்குமார், காவலாளி முத்துவேல்.

“இவன் கொசுவத்தி கொளுத்திகினு படுப்பான். புகைதான் கொன்னிருக்கு” என்று காவலாளியைக் காட்டினார் ஜெயக்குமார்.

“நான் வராண்டாலதான் சார் படுத்துகினு இருந்தேன்” என்றார் முத்துவேல். “மூடின பெட்டிக்குள்ள பூர்றதுக்குப் புகைக்கு இன்னா சாவியா குடுத்தேன்?”

“நீங்க இந்த ஈயைப் பார்த்திருக்கீங்களா சார்?” என்று ஜெயக்குமாரைக் கேட்டார் ஹேமலதா.

“எனக்கு மீன் ஆராய்ச்சிங்க. ஈயெல்லாம் இந்தப் பொண்ணு கருத்தரங்குல காட்டின படத்தோட சரி.”

ஹேமலதா லென்ஸில் குனிந்தார். செத்த ஈக்கள் எல்லாவற்றுக்கும் இறக்கை ஓரம் அரித்திருந்தது.

“உங்க ஈக்கு என்னம்மா விசேஷம்?”

“செல்லுல ரெண்டு சமிக்ஞைப் பாதை இருக்குங்க மேடம்” என்றாள் பவித்ரா. “முதல் பாதை ஒரு மரபணுவை அடக்கி வைக்கும். அது அடங்கியிருக்கிற வரைக்கும் ரெண்டாவது பாதை திறக்காது. என் ஈயில அடக்குற புரதம் சூடு தாங்காது. சூட்டுல வளர்த்தா புரதம் கெட்டு, ரெண்டாவது பாதை திறந்துடும். இறக்கை மூளியாயிடும்.”

“குளிர்ல?”

“முழு இறக்கை. இந்தப் பெட்டி எப்பவும் பதினெட்டு டிகிரி.”

“நேத்து ராத்திரி சூடாகியிருந்தா?”

“இறக்கை எப்படின்னு புழு, கூட்டுப்புழுப் பருவத்திலேயே முடிவாயிடும். வளர்ந்த ஈக்கு மாறாதுங்க.”

“அப்ப இதைப் பாருங்க.”

பவித்ரா குனிந்தாள். நிமிர வெகுநேரம் ஆனது.

“இது என் ஈ இல்ல.”

“இல்ல. மாணவர் செய்முறைக்கு வளர்க்கிற ஈ. பிறவி மூளி. உங்க ஈயைத் திருடிட்டு, செத்ததை யாரும் தேட மாட்டாங்கன்னு இதைக் கொன்னு வச்சிருக்காங்க. பவித்ரா ஈயை நேர்ல பார்த்தவங்க முழு இறக்கை ஈயைத்தான் வச்சிருப்பாங்க. முத்துவேலுக்கு எந்த ஈயும் ஒண்ணுதான், மூளியாத் தேடி எடுத்திருக்க மாட்டார். கருத்தரங்குப் படத்துல இருந்தது மூளி இறக்கை; படத்தை மட்டும் பார்த்தவருக்கு, அது சூட்டுல வளர்த்த ஈன்னு தெரியல.” ஹேமலதா திரும்பினார். “உங்க பீரோ சாவியைக் குடுங்க, ஜெயக்குமார் சார். திருடின ஈயை யார் பேர்ல காட்டறதா இருந்தீங்க?”

ஜெயக்குமார் சாவியை மேசைமேல் வைத்தார்.

அவர் அறையில் இரும்பு பீரோ அனலாய்ச் சுட்டது. உள்ளே ஒரே ஒரு பாட்டில். ஈக்கள் தீவனத்தில் ஒட்டி இறந்திருந்தன. பவித்ரா அதை வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணாடியில் அசைவில்லை. பிறகு, அடியில், வெள்ளையாக ஒரு புழு மெல்ல நெளிந்தது.

“அண்ணே, குளிர்பெட்டி!”

அதைத் திறக்க முத்துவேல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்.