மண் இல்லாத கப்பல்

எல்லா ஜன்னல்களும் எரிந்தன, வாலுக்குப் பக்கத்திலிருந்த ஒன்றைத் தவிர.

தர்ஷன் பேட்டரி வயரைக் கழற்றி மறுபடி பொருத்தினான். மேசையை நிறைத்துக் கிடந்த விண்கப்பலின் சாம்பல்நிற உடல் நெடுக, ஊசிமுனை அளவில் மஞ்சள் வெளிச்சங்கள் பூத்தன. மூக்கில் மாலுமிகளின் அறை வெள்ளையாக ஒளிர்ந்தது. பின்னால் எஞ்சின்கள் நீலமாக மங்கி, தெளிந்து, மறுபடி மங்கின. அந்த ஒரு ஜன்னல் மட்டும் குருடாகவே இருந்தது. காலையில் மனைவி நிலக்ஷி வேலைக்குப் புறப்படும்போது அது எரிந்தது. இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள்.

அவனுக்குத் தலவாக்கலையில் போன் திருத்தும் கடையில் வேலை. கப்பலின் எலும்பு பீவீசி குழாய். எஞ்சின்கள் யோகட் கப். தோல்மீது ஒட்டியிருந்த தகடுகளும் குமிழ்களும் செத்துப்போன போன்களின் வயிற்றிலிருந்து வந்தவை. ஜன்னல்களுக்காகத் திருவிழாக் கடையில் விற்கும் நார்ப்பூ விளக்கு ஒன்றைப் பிரித்திருந்தான். தலைமுடி போன்ற அந்த நார்களுக்கு ஒரு முனையில் வெளிச்சம் கொடுத்தால் மறுமுனையில் புள்ளியாக எட்டிப் பார்க்கும். வெளிச்சம் உடல் வழியே கசிந்துவிடாமலிருக்க உட்புறம் முழுவதும் கறுப்புப் பூசி, அதன்மேல் வெள்ளி பூசியிருந்தான்.

எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களிடம் சும்மா என்று சொல்லிவிடுவான். நிலக்ஷியிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தான்.

"அதுக்கு மேலயும் மண்ணு இல்ல, கீழயும் மண்ணு இல்ல, நிலா."

போன வருஷத்து மழையில் மலை இறங்கி அவர்களுடைய லயத்து வீட்டு வரிசையை மூடியபோது நிலக்ஷி தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். தர்ஷன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், நெஞ்சுவரை சேற்றில், ராத்திரி முழுக்கக் கிடந்தான். அடுத்த வீடு சிவசாமியுடையது. தேயிலை ஃபெக்டரியில் அடுப்பெரிக்கும் மனுஷன். நெருப்புப்பெட்டி வேண்டுமென்றால் எழுந்து வரமாட்டார், நடுச்சுவரைத் தட்டுவார். அன்றைக்கும் தட்டினார். தட்டி, நிறுத்தி, மறுபடி தட்டினார். தர்ஷனும் பதிலுக்குத் தட்டினான். விடியும்போது அந்தப் பக்கம் சத்தம் நின்றது. பிறகு பெக்கோ இயந்திரம் வந்து மண்ணை அள்ளியது. தர்ஷனை எடுத்தார்கள். சிவசாமியின் உடல் கிடைக்கவே இல்லை. அவர் மனைவி காளியாயி பாடசாலை முகாமில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எம்புட்டு நேரம் தம்பி தட்டுனாரு?"

"விடியிற வரைக்கும் அக்கா."

அதன்பிறகு அவனால் கதவு சாத்திய இடத்தில் இருக்க முடியவில்லை. வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே வாடகைக்கு எடுத்த இந்த வீட்டிலும் அவன் படுப்பது முன்விறாந்தையில்தான், பனி கொட்டினாலும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு. நிலக்ஷி அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. இன்று காலை, மருந்துக்கடை வேலைக்குப் புறப்படும்போதுதான் மெதுவாக ஆரம்பித்தாள்.

"பகல்தானே. கதவ சாத்திட்டு கப்பல எரியவிட்டுப் பாருங்க. முடியலைன்னா தொறந்துகிட்டு வெளிய வந்துருங்க."

"ம்."

"கட்டாயம் இல்லீங்க."

"இல்ல. பாக்குறேன். நீ வர்றதுக்குள்ள பாத்துர்றேன்."

இப்போது மத்தியானம். வெளியே மூடுபனி இறங்கி, தேயிலை மலை, ரயில் பாதை, எதிர்வீட்டுக் கூரை எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. அவன் கப்பலின் வால்பகுதியைப் பிரித்து, உள்ளே போகும் நாரைச் சாமணத்தால் மெல்ல இழுத்தான். நார் ஈரமாக வந்தது. அதன் முனையில் கடுகளவு செம்மண் ஒட்டியிருந்தது.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஈரமான வீடு, சுவரெல்லாம் பூஞ்சணம், கையிலிருந்தோ செருப்பிலிருந்தோ பட்டிருக்கும். துணியால் துடைத்தான். துடைத்த துணியை மூக்கருகே கொண்டுபோகக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கொண்டுபோனான். பிடுங்கிய தேயிலை வேர், நனைந்த சாம்பல், மண்ணெண்ணெய். துணியைச் சுருட்டி வாசலுக்கு வெளியே எறிந்தான்.

நாரைச் செருகி, வாலைப் பசை போட்டு ஒட்டினான். ஜன்னலில் கறுப்புப் பொலித்தீன் மாட்டினான். கதவைச் சாத்தினான். ஈரத்தில் ஊதிப்போன பலகை. தோளைக் கொடுத்து அழுத்த வேண்டியிருந்தது. அது சத்தத்தோடு நிலையில் போய் இறுகியது.

நாற்காலியில் உட்கார்ந்து பேட்டரியை இணைத்தான்.

இருட்டில் மேசை மறைந்தது. மேசைக்கு மேலிருந்த பழைய கூரையும் பின்சுவரும் அந்தச் சுவரையொட்டி நின்ற மண்மேடும் மறைந்தன. கப்பல் மட்டும் இருந்தது, எங்கும் ஒட்டாமல், எதன்மேலும் நிற்காமல், வரிசை வரிசையாக மஞ்சள் ஜன்னல்களோடு, யாரோ உள்ளே விளக்கேற்றி வைத்துச் சோறாக்கிக்கொண்டிருப்பதைப் போல அமைதியாக மிதந்தது. பல மாதங்களுக்குப் பிறகு, மூடிய அறை ஒன்றில், தர்ஷனின் மூச்சு சீராக ஏறி இறங்கியது.

வால்ஜன்னல் அணைந்தது.

பசை சரியாகப் பிடிக்கவில்லை என்று நினைத்தான். பிறகு அதற்கடுத்த ஜன்னல் அணைந்தது. கொஞ்சம் பொறுத்து, அதற்கடுத்தது. பட்டென்று அணையவில்லை. கீழிருந்து மேலாக, ஏதோ ஒன்று மெல்ல ஏறி மறைப்பதுபோல், ஒவ்வொரு புள்ளியும் பிறையாகி, கீற்றாகி, இல்லாமல் போயிற்று.

கப்பலுக்குள் தட்டும் சத்தம் கேட்டது.

பிளாஸ்டிக்கின்மேல் நகம் படுவதுபோல அவ்வளவு சின்னச் சத்தம். தட்டியது. நின்றது. மறுபடி தட்டியது.

எலி, என்றான் வாய்விட்டு. குழாய் சூட்டில் விரிகிறது. ஆனால் அந்த இடைவெளி அவனுக்குத் தெரியும். அந்த இடைவெளியில்தான் அவன் ஒரு ராத்திரி முழுக்க உயிரோடிருந்தான்.

"அண்ணே," என்றான்.

தட்டல் நின்றது. பிறகு வேகமாகத் தொடங்கியது.

அவன் கப்பலைத் தூக்கினான். தூக்க முடியவில்லை. காலையில் ஒரு கையால் நகர்த்திய பொருள் இப்போது அம்மிக்கல்போல மேசையோடு இறங்கிக் கிடந்தது. ஒட்டிய வாலை இரு கைகளாலும் பிடித்துத் திருகினான். நகம் கிழிந்தது. பசை விட்டது. உள்ளிருந்து குளிர்ந்த சேறு மணிக்கட்டுகள்மேல் வழிந்தது. கொஞ்சமாக வரவில்லை. நிற்காமல் வந்தது. அந்தக் குழாய்க்குள் அடங்கக்கூடியதைவிட அதிகமாக, மேசை விளிம்பைத் தாண்டி, தரையில் தொப்தொப்பென்று விழுந்தது.

மூக்கு விளக்கு அணைந்தது. எஞ்சின்கள் அணைந்தன.

அவன் கதவை நோக்கிப் பாய்ந்தான். கைப்பிடியைத் தேடினான். பலகை கிடைக்கவில்லை. வழுவழுப்பான சுவர் கிடைத்தது. இடதுபக்கம் நகர்ந்தான். சுவர். இன்னும் நகர்ந்தான். சுவர்தான். அது வளைந்து போயிற்று.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

"எங்க இருக்கீங்க?" நிலக்ஷிதான். அவள் பக்கம் ரயிலின் ஹார்ன் கேட்டது. அவன் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை.

"ரூமுக்குள்ள. நிலா, கதவு தொறக்க மாட்டேங்குது. நீ வெளியிலருந்து தள்ளு."

போனில் அவள் கதவை ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"நான் ரூமுக்குள்ளதான் நிக்கிறேன்," என்றாள். "கதவு தொறந்துதான் கெடந்துச்சு. கப்பல் எரியுது. நீங்க எங்க?"

போனைக் காதிலிருந்து எடுத்து அதன் வெளிச்சத்தைக் கையில் பார்த்தான். சேற்றுக்கு மேலே, விரல் நுனிகள் எல்லாம் வெள்ளிப் பூச்சு.

முழங்காலுக்குக் குளிர் ஏறியிருந்தது.

எதிர்ச்சுவரில் ஒரே ஒரு புள்ளி வெளிச்சம் தெரிந்தது. சேற்றில் கால்களை இழுத்து இழுத்துப் போய்க் கண்ணை வைத்தான். அந்தப் பக்கம் மங்கலான பகல். பொலித்தீன் கழற்றிய ஜன்னல். நிலக்ஷியின் பச்சைச் சால்வை குறுக்கே போயிற்று. திரும்பி வந்தது. அவன் கத்தினான். சால்வை நிற்கவில்லை. முஷ்டியால் சுவரைத் தட்டினான். தட்டினான். நிறுத்தினான். தட்டினான்.

சால்வை நின்றது.

"என்னங்க," என்றது போன், மிகத் தாழ்ந்த குரலில். "கப்பலுக்குள்ள ஏதோ தட்டுது."

"நான்தான். நிலா, ஒடச்சிரு. அத ஒடச்சிரு."

போன் திரை கறுத்துவிட்டது. சேறு இடுப்புக்கு வந்தது. புள்ளி வெளிச்சம் பிறையாயிற்று. கீற்றாயிற்று. அவன் உள்ளங்கையால் அதைச் சுற்றி வழித்து வழித்து எறிந்தான். வழிக்க வழிக்க நிறைந்தது.

இருட்டு.

மறுபடி தட்டினான். கை வலித்ததும் நிறுத்தினான்.

நிறுத்திய பிறகும் தட்டல் கேட்டது. அதே சுவரில். அவன் பக்கத்திலேயே. தோளோடு தோளாக நின்றுகொண்டு, ஈரமான ஒரு கை, பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தது.