பிளாசிடியாவின் பிள்ளை

1942 ஏப்ரல் வெயிலில் சாந்தோம் முழுக்கக் காய்ந்து கிடக்க, பியாட்ரிஸின் வீட்டுக்குள் மட்டும் காலையிலிருந்து ஈரமண் வாசனை அடித்தது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று தெருவே காலியாகிவிட்டது. நாளை அவர்களும் திருச்சிக்கு ரயில் ஏற வேண்டும். அவள் மூட்டை கட்டக் கட்ட அந்த வாசனை பின்னாலேயே வந்தது. சமையலறையில் மங்கி, கூடத்தில் கனத்து, படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் அவள் அதுவரை பார்த்தேயிராத ஒரு தகரப்பெட்டியருகே மூச்சை அடைத்தது.

பெட்டியில் பூட்டு.

“பாடப் புத்தகம்தான்” என்றான் அல்போன்ஸ். அவள் புருஷன், சரித்திர வாத்தியார்.

சில நாட்களாக அவன் வாயில் ஒரே கதைதான். ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் மகள் பிளாசிடியா, கோத் இனத்து ராஜாவுக்குப் பெற்ற கைக்குழந்தை செத்துப்போக, வெள்ளிப் பெட்டியில் வைத்து அந்நிய ஊரில் புதைத்தாளாம். கிழவியான பிறகு அந்தப் பெட்டியைத் தோண்டியெடுத்து ரோமாபுரியில் சேர்த்தார்களாம்.

“பிள்ளைய அங்கேயே விட்டுடல பார்த்தியா, பியாட்ரிஸ்?”

போன மழைக்காலத்தில்தான் அவர்களுடைய லூயிஸ் காய்ச்சலில் போயிருந்தான். பல்கூட முளைக்கவில்லை.

சாயங்காலம் பால் ஊற்ற வந்த செண்பகம் வாசலில் நின்று கேட்டாள்.

“இன்னாம்மா, சாரு விடிகாலைல மம்பட்டி தூக்கிக்கினு கல்லறைப் பக்கம் போனாரே, இன்னாத்துக்கு?”

பியாட்ரிஸ் பால் சொம்பை வாசற்படியிலேயே வைத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

விளக்கணைப்பு உத்தரவுக்காக ஜன்னல்களில் ஒட்டிய கறுப்புக் காகிதம், பொழுது சாய்வதற்குள்ளேயே வீட்டை இருட்டாக்கிவிட்டது. அல்போன்ஸ் கூடத்து நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவன் சட்டைப்பையில் விரலை விட்டுச் சாவியை எடுத்தாள். அவன் நகக்கண்ணெல்லாம் கறுப்பாக மண்.

கட்டிலருகே மண்டியிட்டாள். பெட்டியை இழுத்தாள். மண் வாசனைக்குள் இன்னொரு வாசனை. பால். புளித்த பால்.

பூட்டு திறந்தது.

சவப்பெட்டியில் அவளே போர்த்திவிட்ட வெள்ளைப் போர்வை. மண் அப்பியிருந்தது. அதனடியில் ஒரு சின்ன மேடு.

ஏசுவே.

மூடியைப் பிடித்தாள்.

“மூடாதே.” கதவோரம் அல்போன்ஸ். கிசுகிசுத்தான். “இப்பத்தான் தூங்கினான்.”

புத்தி பேதலித்துவிட்டது. இவருக்குத்தான். இவருக்கு மட்டும்தான்.

குனிந்து பார்த்தாள்.

போர்வை மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது.

மறுபடியும் உயர்ந்தது.