லிம்பானி கொடுத்த கரண்ட்

மாமரத்தடியில் மண்ணைத் தோண்டிப் போட்ட, பல்லாங்குழி மாதிரியான பாவோ ஆட்டத்தின் குழிகள் நான்கு வரிசையாக இருந்தன. பள்ளி விட்டதும் தவோங்காவும் யான்கோவும் அங்கேதான் உட்கார்ந்து விதைகளை வைத்து ஆடுவார்கள்.

அன்று யான்கோ ஆடவில்லை. ஒரு குழிக்குள் விரலை விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு விடியக்காலை பஸ். அப்பாவுக்கு கரோங்காவுல வேலை."

"விதையெல்லாம் நீயே எடுத்துக்கோ," என்றாள் தவோங்கா.

"விதை அங்கயும் கிடைக்கும். இந்தக் குழிங்களை எப்படி எடுத்துட்டுப் போறது?"

தவோங்கா குழிகளைப் பார்த்தாள். எழுந்து வீட்டுக்கு ஓடினாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதுதான் அம்மாவின் மரப்பட்டறை. அம்மா ஒரு முக்காலிக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் மரத்தூள்.

"அம்மா, பாவோ குழியை மரப்பலகையில போட முடியுமா?"

"முடியும். எப்போ வேணும்?"

"இன்னிக்கே. யான்கோ நாளைக்கு ஊரைவிட்டுப் போறான்."

"நல்லவேளை, நேத்தே வேணும்னு கேட்கல," என்றார் அம்மா. மூலையிலிருந்து ஒரு நல்ல பலகையை எடுத்து மேசையில் போட்டார். "ஆனா மெஷின் கைப்பிடியை நீதான் இழுக்கணும். அவன் உன் நண்பன்."

தவோங்கா டிரில்லிங் மெஷினைப் பார்த்தாள். அவளைவிட உயரமாக, தலையைக் குனிந்து நின்றது. இதுவரை அவள் அதைத் துடைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பின்னல்களைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்தாள். யான்கோ செம்புக் கம்பியில் முறுக்கிக் கொடுத்த வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாள்.

"கையுறை?"

"கூடவே கூடாது. மரத்தைக் குடைஞ்சு சுத்துற பிட்டுல ஒரு நூல் மாட்டினாப் போதும், கையையும் சேர்த்து இழுத்துக்கும்."

அம்மா பலகையை இடுக்கியால் மெஷினின் மேசையோடு இறுக்கினார்.

"நான் கையால பிடிச்சுக்கிறேனேம்மா."

"பிட் சிக்கினா பலகை பம்பரமாச் சுத்தி உன்னை அடிக்கும். இடுக்கிக்கு வலிக்காது, உனக்கு வலிக்கும்."

பிறகு ஒரு திருகைச் சரிசெய்தார். அதற்குக் கீழே பிட் இறங்காது. எல்லாக் குழியும் ஒரே ஆழம்.

"அழுத்தாத. கொஞ்சம் இறக்கு. தூக்கு. தூள் வெளிய வரட்டும். மறுபடி இறக்கு. இன்னொண்ணு. நான் இல்லாதப்போ இதுல கை வைக்கக் கூடாது."

"சரிம்மா."

மூன்று வரிசை முடிந்தது. நான்காவது வரிசையில் முதல் குழி போடும்போது புகை வந்தது. கருகல் வாசனை.

"பிட் மழுங்கிடுச்சு," என்று அம்மா சுவிட்சை அணைத்தார். பிட்டைக் கவ்வியிருந்த சக்கின் பக்கவாட்டுத் துளையில் சாவியைச் செருகினார். பிட்டைக் கழற்ற அந்தச் சாவியைத் திருக வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாட்டு பாதியில் நின்றது. தெரு முழுக்க "ஓ...!" என்றது. கரண்ட் போய்விட்டது.

"தவோங்கா அம்மா! கரிக்கு வரலையா? தீர்ந்துடும்!" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல்.

கரண்ட் போனால் எல்லா வீட்டிலும் கரி அடுப்புதான். முனைக் கடைக்குப் பிந்திப் போனால் கரித்தூள்தான் மிஞ்சும். அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"மெஷின் பக்கம் போகாத!" வாசலுக்கு வெளியிலிருந்து கத்தினார்.

அம்மா ஓடியதும் தம்பி லிம்பானி வந்தான். ஆறு வயது. தவோங்கா கொட்டகைப் படியில் உட்கார்ந்து ஒரு மரத்துண்டில் உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியவில்லை.

"கரண்ட் எப்போ வரும்கா?"

"யாருக்குத் தெரியும்?"

"வந்துச்சுன்னா நமக்கு எப்படித் தெரியும்?"

"தெருவே கத்துமேடா."

லிம்பானி யோசித்தான். எழுந்து உள்ளே போனான்.

சற்று நேரம் சத்தமே இல்லை. லிம்பானியிடம் சத்தம் இல்லையென்றால் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். தவோங்கா எட்டிப் பார்த்தாள்.

மெஷினுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு ஏறி உட்கார்ந்திருந்தான். மோவாய் கையில். மூக்குக்கும் சக்குக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"என்னடா பண்றே?"

"சுவிட்சைப் போட்டு வெச்சிருக்கேன். கரண்ட் வந்தா மெஷின் சுத்தும். தெரு கத்துறதுக்கு முன்னாடி நானே உனக்குச் சொல்லிடுவேன்." அவன் முகம் மலர்ந்திருந்தது. "உனக்கு அவசரமாச்சே."

சக்கில் சாவி அப்படியே செருகியிருந்தது. அம்மா எடுக்க மறந்துவிட்டார்.

கத்தினால் அவன் பயந்து மெஷினையே பிடித்துக்கொள்வான். சுவிட்ச் மெஷினில் இருக்கிறது. மெஷினில் கை வைக்கக் கூடாது. ஆனால் பிளக் சுவரில் இருக்கிறது.

சுவர் மெஷின் இல்லை.

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

"இப்போ இறங்கு. மெதுவா."

அவன் ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தான். தெரு அலறியது. "வந்துடுச்சு!" பக்கத்து வீட்டுப் பாட்டு மறுபடி கிளம்பியது.

மெஷின் அசையவில்லை.

லிம்பானியின் உதடு பிதுங்கியது. "நான்தானே முதல்ல சொல்லணும்! ஏன் சுத்தல?"

தவோங்கா அவனை மடியில் இழுத்துக்கொண்டாள். சாவியைக் காட்டினாள்.

"மெஷின் சுத்தியிருந்தா, அந்தச் சாவி கல்லு மாதிரி பறந்து வந்திருக்கும். நேரா இங்க." அவன் மூக்கைத் தொட்டாள்.

லிம்பானி இரண்டு கையாலும் மூக்கை மூடிக்கொண்டான்.

"எனக்கு மூக்கு வேணும்," என்றான்.

"எனக்கும் உன் மூக்கு வேணும்."

கரண்ட் இருந்தது. அம்மா இல்லை. ஒரு வரிசை பாக்கி இருந்தது.

"நீயே போடுக்கா. உனக்குத்தான் தெரியுமே. கரண்ட் திரும்பவும் போயிட்டா?"

தவோங்கா பலகையைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள்.

"அம்மா வரட்டும்," என்றாள். தேய்த்த மரத்துண்டையே மறுபடி தேய்த்தாள்.

அம்மா தலையில் கரிக்கூடையோடு மூச்சிரைக்க வந்தார். "காசு குடுத்துட்டுத் திரும்பறேன், கரண்ட் வருது! நம்மளைப் பார்த்துத்தான் விளையாடுது..."

சாவியைப் பார்த்தார். தொங்கிய பிளக்கைப் பார்த்தார். கூடையை இறக்கி வைத்தார்.

"சாவியை விட்டுட்டுப் போனது நானா?"

"கரி தீர்ந்துடும்னு ஓடினீங்க," என்றாள் தவோங்கா.

"சுவிட்ச்?"

"நான்," என்றான் லிம்பானி, மூக்கை விடாமல். "அக்காவுக்காக."

அம்மா இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். விட்டபோது இருவர் கன்னத்திலும் கரி.

"அம்மா," என்றாள் தவோங்கா. "சாவியையும் பிளக்கையும் ஒரே கயித்துல கட்டிடலாமா? கயிறு குட்டையா இருக்கணும். பிளக்கைப் பிடுங்கினாத்தான் சாவி சக்குக்கு எட்டணும்."

அம்மா சுவரைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். சாவியைச் சக்கிலிருந்து உருவிக்கொண்டு கயிறு எடுக்கப் போனார்.

கட்டிவிட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கை மாட்டிச் சாவியை இழுத்துப் பார்த்தார். சக்குக்கு முன்னால் நின்றுவிட்டது. எவ்வளவு இழுத்தும் எட்டவில்லை.

"இனி எவ்வளவு அவசரமா ஓடினாலும் இது என்னை விடாது," என்றார்.

பிளக்கைப் பிடுங்கி வேறு பிட் மாட்டினார்கள். சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்தார்கள்.

"பிளக்கை யார் மாட்டுறது?" என்று கேட்டார் அம்மா.

லிம்பானியின் கை ஏற்கெனவே மேலே இருந்தது. அவன் கைமேல் தன் கையை வைத்து அம்மா பிளக்கை அழுத்தினார். அம்மா சுவிட்சைப் போட்டதும் தவோங்கா கைப்பிடியைப் பிடித்தாள். இறக்கினாள். தூக்கினாள். இறக்கினாள்.

மறுநாள் விடியும் முன்பே பஸ் வந்துவிட்டது. தவோங்காவின் கையில் செம்பு வளையல் இருந்தது. துணியில் சுற்றிய பலகையை நீட்டினாள்.

யான்கோ துணியைப் பிரித்தான். ஒரு குழிக்குள் விரலை விட்டுச் சுற்றினான்.

"குழிங்களை எடுத்துட்டு வந்துட்டியா?" என்றான் மெல்ல.

தவோங்கா தலையசைத்தாள்.

லிம்பானி இருவருக்கும் நடுவில் புகுந்தான். கடைசி வரிசையைத் தொட்டுக் காட்டினான்.

"இதுக்கெல்லாம் கரண்ட் குடுத்தது நான்தான்!"