எண்ணெய் மிதந்த டீ

"சார், நாளைக்கு நெலத்தப் பதியப் போறாங்க. அதுக்குள்ள அவன் எங்கண்ணன் புள்ளதானான்னு சொல்லுங்க. எனுக்குத் தூக்கமே இல்ல."

புதுவாயலிலிருந்து திருவள்ளூர் வரை பஸ்ஸில் வந்த சம்பூர்ணம், நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. துப்பறிவாளர் பூவராகவன் அவரைப் பேசவிட்டார். உதவியாளன் சின்னதுரையோ, கேஸைக் கேட்டு முடிப்பதற்குள் தீர்ப்பே எழுதிவிடும் அவசரக்காரன்.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பம் அது. வழியில் அண்ணி செத்தாள். ஆற்றைக் கடக்கையில் அண்ணன் மகன், நாலு வயது தேசப்பன், சம்பூர்ணத்தின் கையை விட்டு நழுவினான். ஊர் வந்து சேர்ந்த அண்ணன் வீரராகவன், வழியில் மாண்டவர்களின் நினைவாகத் தன் நிலத்தில் கூடம் கட்டி அறக்கட்டளை எழுதிவைத்தார். வருஷத்துக்கு ஒருநாள் அங்கே தேசப்பன் உட்பட இறந்தவர்களின் பெயரை உரக்கப் படித்து, பர்மாச் சாப்பாடு போடுவார்கள். உடல் கிடைக்காத மகன் ஒருவேளை திரும்பி வந்தால் நிலத்தோடு எல்லாம் அவனுக்கே என்றும் எழுதியிருந்தார். அவர் காலத்துக்குப் பின் சம்பூர்ணம் நடத்திவந்தார்.

நிலத்துக்கு விலை ஏறினால் சொந்தமும் முளைக்கும். சுற்றிலும் தொழிற்சாலைகள் வந்ததும், பர்மாவிலிருந்து அகதிகளை ஏற்றிவந்த கடைசிக் கப்பலில் வந்ததாகச் சொல்லி ஒரு தேசப்பன் வந்து நின்றான். வந்த கையோடு நிலத்தை விற்க ஆளும் பிடித்துவிட்டான்.

"பர்மாக்காரி ஒருத்தி வளத்தாளாம். தெரு பேரு, கோயிலு, எல்லாம் கரீட்டா சொல்றான். பாசமாத்தான் கீறான். இன்னிக்குக் காலீல அவனே அலமாரி டின்னத் தொறந்து தேயிலை போட்டு டீ குடுத்தான். எண்ணெ மெதந்துது. ஆம்பளப் புள்ளைக்கு இன்னா தெரியும்? குடிச்சிட்டேன்."

"தெருப் பேரெல்லாம் சொல்றானே, அவன்தான் சார்!" என்றான் சின்னதுரை.

பூவராகவன் புதுவாயலுக்குக் கிளம்பச் சட்டையை மாட்டினார்.

மாலையில் கூடத்தில், சமீபத்தில் பர்மாவிலிருந்து திரும்பி, இங்கே பெயர் படிக்கும் வேலையை ஏற்றிருந்த ரோசம்மாள் ஒரு தட்டு நீட்டினாள். வேர்க்கடலை, எள், பொரித்த பூண்டு, நடுவில் எண்ணெயில் ஊறிய கரும்பச்சை இலை. சின்னதுரை ஒரு வாய் போட்டான்.

"இன்னா கீரை இது?"

"கீரையா? ஊறவெச்ச தேயிலைப்பா! அங்க விருந்தாளி வந்தா இதான் மொதல்ல. அப்டியே துன்றது. சம்பூர்ணம் ஊட்டு டின்லதான் எடுத்தாந்தேன்."

பூவராகவன் வரச்சொல்லியிருந்த தேசப்பனும் நிலம் வாங்குபவரும் வந்ததும், அவர் தட்டைத் தேசப்பன் பக்கம் நகர்த்தினார்.

"காலைல இதத்தானே பால்ல கொதிக்க வெச்சீங்க?"

"டீன்னு நெனச்சி..."

"பர்மால வளந்த யாரும் இத அடுப்புல ஏத்தமாட்டாங்க. தெருப் பேரு, கோயில் பேரு கப்பல்ல வந்தவங்களக் கேட்டு மனப்பாடம் பண்ணிட்டீங்க. எத எப்படித் திங்கறதுன்னு கேக்கத் தோணல."

நிலம் வாங்க வந்தவர் பத்திரத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு நடந்தார். தேசப்பனாக வந்தவன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினான். துரத்த எழுந்த சின்னதுரை பாதியில் நின்று சம்பூர்ணத்திடம் திரும்பினான்.

"ஏம்மா, நீங்க பர்மால வளந்தவங்க. வாயில வெச்சதுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

பூவராகவன் அவனை முறைத்தார். கேள்வி விழுந்தாகிவிட்டது.

"மொத வாய்லயே தெரிஞ்சிது," என்றார் சம்பூர்ணம். "ஆனா 'அத்த, குடி'ன்னு டம்ளர நீட்னானே. எப்டிக் கீழ வெப்பேன்? அவன் இல்லன்னு சொல்ல எனுக்கு வாய் வரல. அதான் உங்ககிட்ட ஓடியாந்தேன்."

அன்றைக்கு முதல் தடவையாக அவர் உட்கார்ந்தார்.

"ரோசம்மா, இந்த வருசம் தேசப்பன் பேரப் படிக்காதன்னு சொன்னேன்ல? படிச்சிரு."