தெரியாத கைகள்

காட்டுக்குள் இறங்கும் முன் பிலோமி செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் பதித்திருந்த பச்சைத் தட்டின்மேல் ஏறி நின்றாள். உள்ளங்காலில் சின்னக் குறுகுறுப்பு ஓடியது. மண்செவி அவளை அடையாளம் கண்டுகொண்டது. தட்டுக்கு அப்பால் மண்ணுக்குள் எங்கு பார்த்தாலும் அதன் வேர்கள்தான். விரல் தடிமனில் சென்சார்கள். யார் எங்கே மிதிக்கிறார், எப்படித் தோண்டுகிறார், யாரிடம் என்ன பேசுகிறார் என்று பகல் முழுக்க அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

"இன்னைக்கு என்ன வேலை?" என்று கேட்டாள் பிலோமி.

"தட்டைப்பயறு விதைக்கணுங்கக்கா. அந்தச் சரிவுல" என்றாள் வடிவுக்கரசி. பண்ணையின் பொறுப்பாளர் அவள்தான். முழங்கை வரை கையுறை போட்டிருப்பாள். அதைக் கழற்றி அவள் ஒரு செடியைத் தொட்டதைப் பிலோமி பார்த்ததே இல்லை.

"எப்படி விதைக்க?"

"உங்களுக்குத் தோணுற மாதிரி."

இதுதான் பிலோமிக்குப் பிடிபடவே இல்லை. 'உணவுக்காட்டில் தங்கிப் பயிலும் திட்டம்' என்றுதான் சொல்லி அழைத்து வந்தார்கள். தங்க இடம் கொடுத்தார்கள், வேளாவேளைக்குச் சோறு போட்டார்கள். பயிற்சி மட்டும் இல்லை. கேட்டால் சிரிப்பு. தப்பாகச் செய்தால் இன்னும் பெரிய சிரிப்பு.

அவள் தூத்துக்குடிக் கரையில் பிறந்தவள். கடல் தெருத்தெருவாக உள்ளே வந்தபின் சனமெல்லாம் மிதப்பு முகாமில்தான். தகரமும் பிளாஸ்டிக் பீப்பாயும் சேர்த்துக் கட்டிய தரை, சுவரெல்லாம் பூஞ்சை. அந்தப் பூஞ்சை அவள் புருஷன் வியாகுலத்தின் நெஞ்சுக்குள்ளும் இறங்கிவிட்டது. மலைக்காற்று கிடைத்தால் பிழைப்பார் என்று முகாம் மருத்துவர் சொல்லியிருந்தார். மலையில் குடியேற மேட்டுரிமை வேண்டும். தை பிறக்கும்வரை இந்தப் பண்ணையில் இருந்துவிட்டால் அவளுக்கும் அவருக்கும் அது கிடைக்கும். அதற்காகத்தான் வயலையே பார்த்திராத ஒருத்தி மண்வெட்டி பிடித்து நின்றாள்.

விதையை எப்படிப் போடுவது? கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இடுப்பைத் திருப்பி, தோளைச் சுழற்றி, வீச்சுவலை வீசுவதுபோல் விதையை வீசினாள். வலை எப்படி விழும்? ஓரம் கனத்து, நடு காலியாக, வட்டமாக. பயறும் அப்படியே முளைத்தது. சரிவு முழுக்கப் பச்சை வளையங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் வெறும் மண்.

பக்கத்துப் பாத்தியில் இருந்த காஜா மைதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மேலப்பாளையத்தில் தையல் கடை வைத்திருந்தவன். "என்னக்கா இது, மண்ணுக்கு வளையல் போட்டிருக்கிய?"

"ஒன் பாத்தியப் பாருல முதல்ல. சட்டைக்கு அளவெடுத்த மாதிரி, அக்குள் பக்கம் வளைச்சு வெட்டியிருக்க."

வடிவுக்கரசி வந்து வளையங்களைப் பார்த்தாள். கண்ணில் ஒரு மினுக்கம். "நல்லாத்தானே இருக்குங்கக்கா!"

பிலோமிக்கு உள்ளே சுருக்கென்றது. அவள் வளர்ந்த கரையில் தப்பு செய்தால் முதலில் வசவு வரும், அப்புறம் அடி வரும். இரண்டும் வராத இடத்தை அவள் நம்பியதில்லை. மீனுக்கு இரை தூவுகிறவன் மீனைத் திட்டவா செய்வான்?

அந்தச் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றியது, இவர்களோடு தங்கியிருந்த சந்தனமாரியின் கதை. அவள் நகரப் பேருந்து ஓட்டியவள்; கெட்டிக்காரி. மழைத்தண்ணீர் சரிவில் ஓடி வீணாவதைப் பார்த்துப் பார்த்து, பாதி நிரப்பிய பாட்டிலைப் படுக்கவைத்து மட்டம் பார்த்து, மலையின் இடுப்பைச் சுற்றி ஒரே உயரத்தில் வாய்க்கால் வெட்டினாள். அடுத்த மழையில் தண்ணீர் அதில் சாமி ஊர்வலம் போல நின்று நிதானித்து இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் காலை அவள் கழுத்தில் மாலை போட்டு, 'தேர்ச்சி' என்று சொல்லி, கீழே போகும் வண்டியில் ஏற்றினார்கள். மாலையோடு போனவள் விசும்பி விசும்பி அழுதுகொண்டு போனாள். தேர்ச்சி பெற்றவள் ஏன் அழவேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

பிலோமி நட்ட பப்பாளிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஈரம் காக்க வேண்டும் என்று சருகையும் வாழைமட்டையையும் கன்றின் கழுத்தைச் சுற்றி இறுக்கி அணைத்து மூடாக்குப் போட்டிருந்தாள், குளிருக்குப் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல. சாய்ந்த ஒன்றைத் தூக்கினாள். மூடாக்கு தொட்ட இடத்தில் தண்டு கூழாகியிருந்தது. மேலேயும் கீழேயும் நன்றாக இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவளுக்கே புரிந்துவிட்டது. மிச்சமிருந்த கன்றுகளின் அடியிலிருந்து சருகை ஒரு கை அகலம் தள்ளி வைத்தாள்.

அன்று மதியமே வடிவுக்கரசி வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"சருகைத் தள்ளி வைக்கச் சொல்லி யாரு சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லல. கண்ணு தெரியுதுல்லா எனக்கு!" பிலோமிக்குக் கோபம் பொங்கிவிட்டது. "நான் செஞ்சது தப்புன்னு ஒனக்குத் தெரியும். தெரிஞ்சே பார்த்துட்டு நின்ன. எங்களை வச்சு என்னம்மா விளையாடுதிய?"

வடிவுக்கரசி கொஞ்சநேரம் எதிரே தெரிந்த மலையையே பார்த்தாள். பிறகு ஒரு பலாவின் நிழலில் உட்கார்ந்தாள்.

"அந்த மலை மொட்டையா இருக்குல்லக்கா? நான் சின்னப்பிள்ளையா இருந்தப்ப அங்கயும் உணவுக்காடுதான். இங்கிருந்து கண்ணுக்கெட்டுன மலை அத்தனையிலயும். எல்லாத்தையும் ஒரே விதைமூளைதான் நட்டுச்சு. மெஷின். ஒரு தப்பு கிடையாது. எந்தச் செடிக்குப் பக்கத்துல எந்தச் செடி, எவ்வளவு தூரம், எவ்வளவு நிழல், எல்லாம் அச்சு வார்த்த மாதிரி சரியா இருக்கும். ஒரு பூஞ்சணம் வந்துச்சு. ஒரு காட்டைத் திங்கக் கத்துக்கிட்டா எல்லாக் காட்டையும் திங்கலாம்ல? ஒரே பருவத்துல அத்தனை மலையும் போச்சு."

"அதுக்கு?"

"தப்பா நட்ட மூலை முடுக்குதான் தப்பிச்சுச்சு. அதனால மெஷினுக்கு இப்ப தப்பு வேணும். அதுக்குத் தப்புப் பண்ணத் தெரியாது. நாங்க வேணும்னே பண்ணிப் பார்த்தோம். தெரிஞ்சவன் பண்ற தப்பு எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கு, மண்செவி உடனே கண்டுபிடிச்சிரும். தெரியாத கைதான் வேணும். மீன்பிடிக்கிற கை, துணி தைக்கிற கை. உங்க வளையத்தை இப்ப ஏழெட்டு மலையில போட்டிருக்காங்க, தெரியுமா?"

"அப்ப நாங்க கத்துக்கிட்டா..."

"அந்தக் கையால பிரயோசனம் இல்லைங்கக்கா. மேட்டுரிமை இல்லாம கீழ போயிர வேண்டியதுதான்." அவள் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டாள். "எனக்கு எல்லாம் தெரியும். அதனாலதான் மண்ணைத் தொட விடமாட்டாங்க."

எழுந்து போகும் முன் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். "ஒண்ணு தெரிஞ்சா பரவாயில்லை, கண்டுக்க மாட்டாங்க. நாலஞ்சு சேர்ந்து ஒண்ணோட ஒண்ணு பேச ஆரம்பிச்சாத்தான் வினை. கண்ணைக் கொஞ்சம் மூடிக்கங்க. தைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்."

அன்றுமுதல் அந்தக் காட்டில் இருந்தவர்களின் நடப்பே மாறிப்போனது. பிலோமி காஜாவிடம் சொன்னாள், அவன் மற்றவர்களிடம் சொன்னான். நட்ட செடியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருவர் செடியைப் பற்றி வாயெடுத்தால் மற்றவர் எழுந்து போய்விடுவார். இவன் எனக்குச் சொல்லிக்கொடுத்துக் கீழே தள்ளப் பார்க்கிறானோ என்று ஒவ்வொருவருக்கும் அடுத்தவர்மேல் ஒரு கண். போன பருவம்வரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்கூட இப்போது தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள்.

காஜாதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். ஒருநாள் பிலோமியிடம் வந்து, முகத்தில் சிரிப்பே காட்டாமல், "அக்கா, முருங்கைக்குப் பாட்டுப் படிச்சாத்தான் காய்க்குமாம்" என்றான்.

அவள் ஒரு கணம் திகைத்தாள். பிறகு புரிந்துகொண்டு சொன்னாள்: "ஆமாய்யா. கறிவேப்பிலை கூட விஷமாம். தொட்டா கை வீங்குமாம், மாதா மேல ஆணை."

மனிதர் மனிதரோடு பேசாமல் இருக்க முடியுமா? பொய் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தெரிந்துவிடாது. கேட்பவருக்கும் ஆபத்தில்லை. மண்செவியும் மறுப்புச் சொல்லவில்லை. அப்படித்தான் அந்தக் காட்டில் பொய் சொல்வது பிரியத்தின் அடையாளமாயிற்று. வாழைக்கு மோர் பிடிக்காது, மண்புழு பல் முளைத்தால் கடிக்கும், எலுமிச்சை அமாவாசையில் அழும். எவ்வளவு பெரிய பொய்யோ அவ்வளவு நெருங்கிய சிநேகம். காஜா இவளுக்கு ஒரு நாளைக்கு மூன்று பொய்யாவது கொண்டு வருவான். அவனுக்கும் கீழே தங்கை குடும்பம் ஒன்று காத்திருந்தது.

ஆனால் கண்ணுக்கு ஏது காது, சொன்னால் கேட்க? பிலோமி எவ்வளவு குனிந்து நடந்தாலும் அது பார்த்தது. அசுவினிப் பூச்சி மொய்த்த கொடியில் எறும்பு ஏறுவது ஏன் என்று பார்த்தது. கிளைரிசிடியா என்ற தழையுர மரத்தை வெட்டிப் போட்ட இடத்தில் மஞ்சள் கருகருவென்று வருவதைப் பார்த்தது. தன் பயறு வளையத்தின் வெறும் நடுவில் வேறு விதைகள் ஒதுங்கி முளைப்பதைப் பார்த்தது. மார்கழியில் காய்ந்துபோன ஒரு கொடியின் கிழங்கைப் பார்த்தது. காட்டுப்பன்றிகள் சுற்றிலும் உழுது எல்லாக் கிழங்கையும் தின்றிருக்க, அதை மட்டும் முகர்ந்து விட்டுவிட்டுப் போயிருந்தன. அதைக் கடித்த பெருச்சாளி ஒன்று பக்கத்திலேயே செத்துக் கிடந்தது. இரண்டாய்க் கவை விட்ட கிழங்கு. பார்த்ததை எல்லாம் வாய்க்குள் கூழாங்கல் போல அடக்கி வைத்திருந்தாள்.

தைக்கு முந்தின வாரம், உச்சிவேளை. வடிவுக்கரசி கீழ்ச்சரிவில் இருந்தாள். காஜா மூன்று கல் கூட்டி, பானையில் எதையோ அவித்து இறக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா, வள்ளிக்கிழங்கு! கிழங்கு தின்னு எவ்வளவு நாளாச்சு. அங்கன காஞ்ச கொடிக்குக் கீழ கிடந்துச்சு."

பானைக்குள் எட்டிப் பார்த்தாள். கவை விட்ட கிழங்கு.

அவனைப் பார்த்தாள். சந்தேகம் என்பது சாதாரணப்பட்ட வியாதியா? அந்த நொடியிலும் அது எட்டிப் பார்த்தது: இவனுக்குத் தெரிந்தே செய்கிறானோ? என் வாயைப் பிடுங்கத்தான் இந்தப் பானையோ? இன்னும் ஒரு வாரம். வியாகுலத்தின் இருமல் காதுக்குள் கேட்டது.

காஜா ஒரு துண்டை எடுத்து ஊதினான்.

"தின்னாதய்யா. விஷம் அது."

அவன் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லுங்க! இன்னைக்கு நீங்க பொய்யே சொல்லலியேன்னு பார்த்தேன்."

"பொய்யில்லல! மாதா மேல ஆணை. செத்துருவ."

"அன்னைக்குக் கறிவேப்பிலைக்கும் மாதாதான் சாட்சி" என்று சிரித்தான். அவள் தட்டிவிடக் கையை நீட்டினாள். விளையாட்டென்று நினைத்து அவன் துண்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அடுப்புக்கு அந்தப் பக்கம் தாவினான். வாயைத் திறந்தான்.

இனி அவனை எந்தச் சொல் நிறுத்தும்? பொய்யென்று அவனால் சொல்ல முடியாத ஒன்றைச் சொன்னால்தான் உண்டு.

"பப்பாளிக்கு மூடாக்குத் தண்டைத் தொடக்கூடாது, தொட்டா அழுகும்!" பிலோமி கத்தினாள். "ஒன் கன்னும் அப்படித்தான் செத்துச்சு, பார்த்தல்ல?"

காஜாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"எறும்பு செடியத் திங்க வரல. அசுவினி விடுத தேனுக்கு வருது. அதுக்காக அசுவினியக் காவல் காக்குது. எறும்பத் தடுத்தா அசுவினியும் போயிரும்!"

"அக்கா, வேண்டாம்." அவன் முகம் வெளிறிவிட்டது. "என்னைக் கீழ அனுப்பிராதிய. என் தங்கச்சி..."

"கிளைரிசிடியாத் தழைய வெட்டி மஞ்சளுக்குப் போட்டா..."

அவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். இரண்டு கையும் வேண்டியிருந்தது. கிழங்குத்துண்டு கீழே விழுந்து புழுதியில் உருண்டது. பிலோமி பானையை எட்டி உதைத்தாள்.

காதைப் பொத்தியபடியே அவன் கொட்டிக் கிடந்த கிழங்கைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் கிழங்கைப் பார்த்தான். மெதுவாக இரண்டு அடி பின்னால் நகர்ந்தான். கையை மட்டும் எடுக்கவில்லை.

மண்செவி எல்லாவற்றையும் கேட்டிருந்தது. இனி அடக்கி என்ன, அடக்காமல் என்ன? அவள் நிறுத்தவில்லை. வாய்க்கால் மட்டம், வளையத்தின் வெறும் நடு, எந்த நிழலில் இஞ்சி சிரிக்கும், எந்த வெயிலில் கத்தரி சோரும் என்று அத்தனையும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு வந்தன. இவ்வளவு கற்றிருக்கிறோமா என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது. வடிவுக்கரசி ஓடி வந்தவள் சிந்திய கிழங்கைக் கண்டதும் அப்படியே நின்றாள். பிறகு குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி நெருப்பில் போட்டாள். காஜாவிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாலை வந்தது. 'தேர்ச்சி' என்று அறிவித்தார்கள். காதைப் பொத்துவதற்குள் காஜாவுக்குத் தெரிந்துபோனது இரண்டு மூன்றுதான் என்பதால் அவன் இருக்கலாம்.

பிலோமி வண்டியில் ஏறி சன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் மாலை கனத்தது. காஜா வாழைத்தோப்புப் பக்கமாகவே வெகுநேரம் நின்றிருந்தான். வண்டி உறுமியபோது ஓடி வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் சிவந்து வீங்கியிருந்தது.

"அக்கா" என்றான். கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னான். "கடலு வத்திக்கிட்டு வருதாம். அடுத்த வருசம் உங்க தெருவு பூரா காஞ்சிருமாம்."

அவள் கம்பிமேல் இருந்த அவன் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"ஆமாய்யா" என்றாள் பிலோமி. "அவருக்கும் இருமல் விட்டுருச்சாம். நேத்துத்தான் சேதி வந்துச்சு."