அச்சில் சுற்றிய முடி

நேற்றுச் சாயங்காலம்தான் தன் கையாலேயே சுத்தம் செய்திருந்தார். இன்று பார்த்தால் பின்சக்கர அச்சில் மறுபடியும் முடி சுற்றியிருந்தது.

வைண்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பொம்மைக் காரைக் கவிழ்த்துப் பார்த்தார். மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி ‘காயில்’ கட்டுவது அவர் தொழில். அதனால் தெருவுக்கே அவர் வைண்டர்தான். கோபம் வந்தால் வீட்டுக்காரியும் அப்படித்தான் கூப்பிடுவாள். எரிந்துபோன எத்தனையோ பெரிய மோட்டார்களுக்கு உயிர் கொடுத்த மனுஷரை, உள்ளங்கையில் அடங்குகிற இந்தச் சிவப்புக் கார் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

பழைய சாமான் கடைக்காரர் கொடுத்தது அது. எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள், ஓர் அட்டைப்பெட்டியை நீட்டி, காசெல்லாம் வேண்டாம், பாப்பாவுக்குக் கொடுங்கள் என்றபோதே இவர் யோசித்திருக்க வேண்டும். பெட்டிக்குள் ஒன்றோடொன்று மாட்டுகிற பிளாஸ்டிக் தடங்கள் இருந்தன. தடத்தின் நடுவே ஒரு பள்ளம், அதன் இருபுறமும் மெல்லிய இரும்புப் பட்டை. காரின் அடியில் இருக்கும் செம்புப் பின்னல் அந்தப் பட்டையை உரசிக் கரண்ட் எடுக்கும். கைவிசையை அழுத்தினால் கார் ஓடும், விட்டால் நிற்கும். இதற்கு மேல் அதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை.

ஆசையாகத்தான் உட்கார்ந்தார். கறுத்துப்போயிருந்த மோட்டாரின் செம்புத் துண்டுகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினார். வெடித்த டயர்களை மாற்றினார், தேய்ந்த செம்புப் பின்னலுக்குப் புதிது போட்டார், அச்சில் அடைந்திருந்த தூசியையும் நூலையும் பழுப்பு முடியையும் இடுக்கியால் பிடுங்கிப்போட்டு ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். தரையில் கிடந்து ஓடிய பொம்மைக்குள் முடி போவது சகஜம். கார் ஓடியதும் மகள் கைதட்டிச் சிரித்தாள். அவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இன்று சுற்றியிருந்தது கருப்பு முடி. நீளமாகவும் ஈரமாகவும் இருந்தது.

வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அந்த வாரம் சாயங்கால ஷிப்ட். கிளம்பும் அவசரத்தில், இந்த வீட்டில் சீப்பைத் தவிர எல்லா இடத்திலும் முடி இருக்கும், இது என்ன அதிசயம் என்று சிரித்துவிட்டுப் போனாள். அவரும் சிரித்துவைத்தார்.

மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அந்தி வேளையில் அவர் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, மழையின் சலசலப்புக்கு அடியில், காதருகே கொசு சுற்றுவது போன்ற ஒரு மெல்லிய ரீங்காரம் வீட்டிலேயே அவர் வைத்திருந்த பட்டறை அறையிலிருந்து கிளம்பி, தடத்தின் இணைப்புகளைத் தாண்டும்போதெல்லாம் ‘டக்’ என்று தட்டி, வளைவில் தேய்ந்து, மறுபடி நேர்த்தடத்தில் ஏறி வந்துகொண்டிருந்தது. மகள் விளையாடுகிறாள் என்று நினைத்து அடுப்பைத் தணித்தார். அப்போது கரண்ட் போனது. மின்விசிறி முனகி நின்றது. குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை குலுங்கி அடங்கியது.

ரீங்காரம் நிற்கவில்லை.

கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்தபடி அவர் போய்ச் சேர்ந்தபோது கார் அசையாமல் நின்றிருந்தது. அறையில் யாரும் இல்லை. தொட்டுப் பார்த்தார். மோட்டார் சுட்டது. சூடேறிய எண்ணெய் வாசனையோடு இன்னொரு வாசனையும் அடித்தது. ஆப்பிள் ஷாம்பு. மகள் தலைக்குப் போடுவது.

அவள் தன் அறையில் சுருண்டு படுத்திருந்தாள். பிடரிப் பக்கம் கூந்தலை விலக்கிப் பார்த்தார். ஒரு கொத்து முடி காது மட்டத்திலேயே முடிந்துபோயிருந்தது.

“யாரும்மா வெட்டினா?”

“வெட்டல. அவ கேட்டா. குடுத்தேன்.”

“யாரு கேட்டா?”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கரண்ட் வந்ததும் பிளேடை எடுத்து அச்சிலிருந்த முடியை அறுத்தார். முதல் இழை அறுந்ததுதான் தாமதம், பக்கத்து அறையில் மகள் அலறினாள். தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொண்டு இன்னொரு இழையில் பிளேடை வைத்தார். மறுபடி அலறல். சனியனே வேண்டாம் என்று காரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவர் கேட்டை நெருங்க நெருங்க, அவள் தலையை யாரோ பிடித்து இழுப்பது போலக் கதறினாள். திரும்பி ஓடிவந்து காரை மேசையில் வைத்த பிறகுதான் அழுகை ஓய்ந்தது.

மனைவியிடம் சொன்னார். அவள் மகளை டாக்டரிடம் காட்டினாள். சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள்.

“காயில் சுத்திச் சுத்தி உங்க மூளையிலயும் கம்பி சுத்திக்கிச்சு,” என்றாள் மனைவி.

ஆனால் மகள் நாளுக்கு நாள் வாடினாள். கூந்தல் மெலிந்தது, தட்டில் வைத்த சோறு அப்படியே இருந்தது, கூப்பிட்டால் ஒருமுறைக்கு இருமுறை கூப்பிட வேண்டியிருந்தது. அச்சிலோ முடி பருத்துக்கொண்டே போனது. பெற்ற பிள்ளை கண்ணெதிரே கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கொடுமை உண்டா? அவர் சாப்பாட்டை மறந்தார், தன் கடைக்குப் போவதையும் விட்டார்.

யோசித்து யோசித்துக் கடைசியில் தன் தொழிலுக்கே வந்தார். அறுத்தால் வலிக்கிறது, அகற்றினால் இழுக்கிறது. சுற்றியதை அவிழ்க்கத்தானே வேண்டும்? மோட்டாருக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் கார் பின்னோக்கி ஓடும். முன்னோக்கி ஓடிச் சுற்றியது, பின்னோக்கி ஓடினால் பிரிந்துதானே ஆக வேண்டும்? அன்று சாயங்காலம் கொட்டும் மழையில் மனைவி ஷிப்டுக்குப் போனதும் ஈயம் உருக்கிக் கம்பிகளை மாற்றினார்.

கைவிசையை மெல்ல அழுத்தினார். கார் தயங்கியது. ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்துப் பின்னோக்கி நகர்ந்தது. அச்சிலிருந்து ஒரு கருப்பு இழை விடுபட்டுத் தடத்தில் படிந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

“அப்பா,” மகள் தன் அறையிலிருந்தே கூப்பிட்டாள். குரலில் தெம்பு இருந்தது. “இப்ப வலிக்கல.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தொழில் கைவிடவில்லை என்று நெஞ்சு நிமிர்ந்தது. ஆப்பிள் வாசனையோடு கருப்பு முடி பிரிந்துகொண்டே வந்து, கடைசி இழையும் கழன்று விழுந்தது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் காயில் கட்டுகிறவனின் கை அது. பிரிக்க ஆரம்பித்தால் அடி இரும்பு தெரியும்வரை பிரிக்க வேண்டும், ஒரு சுற்றை விட்டுவைத்தாலும் வேலை கெடும் என்று இத்தனை வருஷமும் பழகிய கை. அச்சின் அடியில் இன்னும் ஏதோ மங்கலாகச் சுற்றியிருந்தது. விசையை விடாமல் அழுத்தினார்.

இப்போது வந்தது பழுப்பு முடி. வறண்டு நார்நாராக இருந்தது. பூட்டிக் கிடந்த வீட்டின் ஈரச்சுவர் நாற்றம் அடித்தது. வந்துகொண்டே இருந்தது. அத்தனை சிறிய அச்சு தாங்கக்கூடிய முடியா அது? தடம் நிரம்பியது. மேசை விளிம்பில் வழிந்தது. தரையைத் தொட்டது.

விசையை விட்டார். கார் நிற்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கினார். நிற்கவில்லை.

தரையில் விழுந்த முடி குவியவில்லை. நீண்டது. பட்டறை வாசற்படியைத் தாண்டியது. மகளின் அறைத் திரைக்கு அடியில் நுழைந்தது. உள்ளே போய்க்கொண்டே இருந்தது.

பிறகு கார் தானாக நின்றது. அச்சு சுத்தமாகப் பளபளத்தது. ஒரு சுற்று மிச்சமில்லை.

மழையும் விட்டிருந்தது. அந்த அமைதியில் சீப்பு இழுபடுவது போன்ற சத்தம் மகளின் அறையிலிருந்து கேட்டது. சர்ர். சர்ர்.

சத்தம் வந்த பக்கம் போனார். திரையை விலக்கினார்.

மகள் கட்டில் விளிம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் மடியில் இருந்தன. அவளுக்குப் பக்கத்தில் மெத்தை, யாரோ உட்கார்ந்தது போல, அமுங்கியிருந்தது. அந்தக் குழிக்கு மேலே, அவள் தலை உயரத்தில், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து பழுப்புக் கூந்தல் தொங்கியது. அது இரண்டு பிரியாகப் பிரிந்து, அவளுடைய கருப்புக் கூந்தலை மூன்றாவது பிரியாகச் சேர்த்துக்கொண்டு, ஒரே சடையாகத் தானே பின்னிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பின்னலுக்கும் அவள் தலை சற்றே அந்தப் பக்கம் சாய்ந்தது.

அவர் பாய்ந்து சடையைப் பற்றினார்.

“பிரிக்காதீங்கப்பா,” என்றாள் மகள், திரும்பாமலே. “இவளுக்கு வலிக்கும்.”

அவர் பிடியிலேயே சடை இன்னொரு பின்னல் இறுகியது.