துரை கல்லறையின் நாலாவது கால்

பழைய தேவாலயத்துத் தோட்டத்தின் மூலையில் இருந்தது அந்த வெள்ளைக்காரத் துரையின் கல்லறை. கொத்தனார் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். நாலு குட்டைக் கால்கள் மேல் ஒரு கருங்கல் பலகை. இருநூறு வருஷத்துக் கல். ஒரு கால் நொறுங்கி, பலகை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. மறுநாள் காலை யாரோ பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள். இன்றே நிமிர்த்தியாக வேண்டும்.

பாரம் தூக்கும் ஜாக்கியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார். கூட வந்தது மைத்துனன் மட்டும்தான். ஆறு மாதம் படுக்கையில் கிடந்து தேறியவன். கனமான வேலை எதுவும் கொடுக்கக் கூடாது என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லித்தான் தம்பியை அனுப்பியிருந்தாள்.

“அடியில போய் முதுகால தாங்குடா. நான் செங்கல்லைச் சொருகிடறேன்.”

“அக்காவுக்குத் தெரிஞ்சா உங்க தோலை உரிச்சிடுவா மாமா.”

“நீ சொன்னாத்தானே தெரியும்.”

புல் வெட்டிக்கொண்டிருந்த தோட்டக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “அந்தத் துரை நாற்காலியே வாங்கலையாம்ப்பா. கூலியாள் முதுகு மேலதான் உட்காருவாராம்.”

“அப்ப அவருக்குப் பழகின இடம்தான்” என்று சிரித்தார் கொத்தனார்.

மைத்துனன் தவழ்ந்து உள்ளே போனான். கொத்தனார் கடப்பாரையால் நெம்பினார். அவன் முதுகைக் கொடுத்தான். பலகை எழும்பியது. கடப்பாரையைப் போட்டுவிட்டுச் செங்கல்லை எடுத்தார்.

காற்று நின்றது. எங்கிருந்தோ சுருட்டு வாடை.

“மாமா, மேல ஏறாதீங்க.”

கொத்தனார் மண்ணில் மண்டியிட்டிருந்தார். பலகை மேல் யாரும் இல்லை.

“மாமா... எறங்கச் சொல்லுங்க.”

பலகையில் படர்ந்திருந்த பாசி, நடுவில் மெல்ல அமுங்கியது.

கொத்தனார் ஓடினார். ஜாக்கி எடுக்கத்தான் ஓடியதாகப் பிறகு மனைவியிடம் சொன்னார்.

தோட்டக்காரர்தான் ஆட்களைக் கூட்டி வந்து அவனை வெளியே இழுத்தார். ஓர் எலும்புகூட முறியவில்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆனால் அவன் நிமிரவில்லை. கட்டிலில் கிடத்தினால் உருண்டு இறங்கி, தரையில் மாடு போல நின்றான். விலாவின் இரண்டு பக்கமும் பூட்ஸ் குதிகால் உதைத்த நீலத் தடம். தினமும் காலையில் அது புதிதாக இருந்தது.

ஒன்பதாம் நாள்தான் கொத்தனாருக்கு வார்டுக்குள் வரத் தைரியம் வந்தது. மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள்.

மைத்துனன் தலையைத் தூக்காமல் முணுமுணுத்தான். “என் முதுகு எலும்பு குத்துதாம் மாமா. வேற ஆள் கேக்கறார்.”

“யார்கிட்ட?”

“என்கிட்டதான். உங்க பேரைச் சொல்லிட்டேன்.”

கொத்தனார் கதவை நோக்கிப் பாய்ந்தார்.

கைப்பிடியைத் தொடும் முன்பே முழங்கால்கள் மடிந்தன. இரண்டு உள்ளங்கைகளும் தரையில் அறைந்தன.

அவருக்குப் பின்னால், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மைத்துனன் மெல்ல நிமிர்ந்து நின்றான்.